ஓவியத்தை முழுதாகப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ருஷ்ய ஓவியர் பாவெல் ஃபெதோதவின் ‘மேஜரின் பெண் கேட்பு’ பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அதை வெறும் நகைச்சுவைக் காட்சி என்று சொல்லி முடித்ததும், படத்தின் இடது பக்கத்தை வெட்டி அச்சிட்டதும் வருத்தம் தந்தன.

சிரிப்பு இருக்கிறது, சரி. வாசலில் மேஜர் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். கல்யாணத் தரகு பார்க்கும் அம்மாள் சேதி சொல்ல, பெண்ணின் தந்தையான வணிகர் அவசர அவசரமாகக் கோட்டுப் பொத்தானைப் போடுகிறார். கீழே பூனை முகம் கழுவுகிறது. விருந்தாளி வருவதற்கு ருஷ்யர்கள் சொல்லும் சகுனம் அது. நீங்கள் வெட்டிய பக்கத்தில்தான் அந்தப் பெண் இருக்கிறாள். மெல்லிய கவுனில், கூச்சம் தாங்காமல் உள்ளே ஓடப் பார்க்கிறாள். தாய் அவள் பாவாடையைக் கொத்தாகப் பிடித்து இழுக்கிறாள். பட்டு உடுத்தியும் தலைத்துணியை விடாத அந்தத் தாய்க்கு இந்தச் சம்பந்தம் கைநழுவக் கூடாது.

ஏன் மேஜர்? 1845இல் ஜார் முதலாம் நிக்கலாய் விதியை மாற்றினார். அதன்பின் ராணுவத்தில் மேஜர் பதவியை எட்டினால்தான் பிள்ளைகளுக்கும் தொடரும் பிரபு அந்தஸ்து கிடைக்கும். அதற்குக் கீழே உள்ள அதிகாரிகளுக்கு அது தங்களோடு சரி. ஓவியம் 1848இல் வரையப்பட்டது. மேஜருக்குச் சீதனம் வேண்டும், வணிகர் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகளுக்கான அந்தஸ்து வேண்டும். காவற்படையில் கேப்டனாக இருந்து 1844இல் விலகிய ஃபெதோதவுக்கு இந்தப் பதவிக் கணக்கெல்லாம் அத்துப்படி. அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அறையில் யாருமே கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் படத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகத்தில் 1849இல் படம் காட்சிக்கு வந்தபோது, ஃபெதோதவ் தானே எழுதிய பாடலைக் கூட்டத்தின் முன் சொல்லி விளக்கினார். பெரிய வரவேற்பு. ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை போலும். ஓரிரு ஆண்டுகளில் அதே காட்சியை மறுபடி வரைந்தார். சரவிளக்கை எடுத்துவிட்டார், அறை எளிமையாகிவிட்டது, பார்வை நேரே மனிதர்கள்மீது போகிறது. 1852இல், முப்பத்தேழு வயதில், மனநல மருத்துவமனையில் இறந்தார்.

முதல் படம் மாஸ்கோவின் திரெத்யாகவ் காட்சியகத்திலும் இரண்டாவது பீட்டர்ஸ்பர்க்கின் ருஷ்ய அருங்காட்சியகத்திலும் உள்ளன. இரண்டையும் வெட்டாமல், அந்தத் தாயின் கை தெளிவாகத் தெரியும் அளவில், அடுத்த இதழில் பக்கத்துப் பக்கமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்