‘அங்கேயே வரி பிடித்துவிட்டார்கள்’ என்பது பிரான்சில் செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறக்கும் சமயத்தில் பிரான்சில் வருமான வரிப் படிவம் திறக்கிறது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்து குடியேறியவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவர்கள் என எல்லோரிடமும் அப்போது ஒரே கேள்விதான்: “ஊரில் இருக்கும் வீட்டு வாடகைக்கும் வங்கி வட்டிக்கும் அங்கேயே வரி பிடித்துவிட்டார்கள். இங்கே எதற்குக் காட்ட வேண்டும்?” “வேண்டாம், விடுங்கள்” என்ற பதிலும் வாய்க்கு வாய் பரவுகிறது. இந்தப் பதிலை நம்பிப் பெரும் அபராதத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சிறு தொகை வைத்திருக்கும் குடும்பங்கள்தான். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பிரான்சில் வரி வசிப்பு உள்ளவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அதைப் பிரெஞ்சுப் படிவத்தில் காட்ட வேண்டும். வசிப்பு என்பதை 183 நாள் கணக்கு என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். பிரெஞ்சு வரிச் சட்டத்தின் 4பி பிரிவு முதலில் பார்ப்பது குடும்பம் எங்கே வாழ்கிறது என்பதை. மனைவியும் பிள்ளைகளும் பாரிஸ் புறநகரில் இருக்க, கணவர் துபாயில் ஒப்பந்த வேலையில் இருந்தால், அவர் ஆண்டுக்கு இரண்டு மாதம்தான் இங்கே தங்கினாலும் இச்சட்டப்படி இங்கே வசிப்பவராகவே கருதப்படலாம்.

தவறு தொடங்கும் இடம் வேறு. பிரெஞ்சுப் படிவம் முன்பே நிரப்பப்பட்டு வருகிறது. சம்பளம், இங்குள்ள வங்கி வட்டி எல்லாம் அச்சாகியிருக்கும். 2020 முதல் சிலருக்குத் தானியங்கி அறிவிப்பும் உண்டு, எதையும் தொடாமல் விட்டாலே படிவம் கொடுத்ததாகக் கொள்வார்கள். ஆனால் வெளிநாட்டு வருமானத்தின் ஒரு பைசாகூட அந்தப் படிவத்தில் தானாக ஏறியிருக்காது. “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று ஒப்புதல் பொத்தானை அழுத்துபவர், ஊரில் தனக்கு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதற்குச் சமம்.

முதலில் வங்கிக் கணக்கு. வருமானத்தைக் காட்டுவது ஒரு கடமை, கணக்கைக் காட்டுவது வேறொரு கடமை. வட்டி ஒன்றுமே வராத, நூறு ரூபாய் மட்டும் கிடக்கும் கணக்காக இருந்தாலும் 3916 என்ற படிவத்தில் ஒவ்வோர் ஆண்டும் எழுத வேண்டும். முதன்மைப் படிவமான 2042இல் 8யூயூ என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். இணையத்தில் நிரப்புபவர்கள் வருமான வகைகளைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலேயே இணைப்புப் படிவங்களின் பட்டியலைத் திறந்து 3916ஐத் தேர்ந்தெடுத்தால்தான் அது முன்னே வரும். வங்கியின் பெயர், கிளை முகவரி, கணக்கு எண், திறந்த தேதி, மூடியிருந்தால் மூடிய தேதி ஆகியவற்றைக் கேட்கும். இருப்புத் தொகையைக் கேட்காது.

எந்தெந்தக் கணக்கு என்பதில்தான் சிக்கல். சேமிப்புக் கணக்கு, வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஊரில் வைக்கும் என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு), என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கு) கணக்குகள், பங்குகளுக்கான டீமேட் கணக்கு எல்லாம் வரும். உங்கள் வரிக் குடும்பத்தில், அதாவது உங்களோடு ஒரே வரிப் படிவத்தில், சேர்ந்த பிள்ளையின் பெயரில் உள்ளதும் வரும். லண்டனிலோ லித்துவேனியாவிலோ பதிவான கைப்பேசி வங்கியின் கணக்கும் வெளிநாட்டுக் கணக்குதான். அதன் ஐபேன் (சர்வதேச வங்கிக் கணக்கு) எண்ணின் முதல் இரண்டு எழுத்தான நாட்டுக் குறியீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எல்ஐசி போன்ற சேமிப்போடு கூடிய ஆயுள் காப்பீடும் இதே 3916 படிவத்தில்தான், ஆனால் அதற்கான கட்டம் 8டிடி.

நம் குடும்பங்களில் அதிகம் விடுபடுவது அம்மாவோ அப்பாவோ வைத்திருக்கும் கூட்டுக் கணக்கு. காரைக்காலில் இருக்கும் எழுபது வயது அம்மாவின் வைப்பில், அவசரத்துக்கு உதவட்டும் என்று இருவரில் யாரும் இயக்கலாம் என்ற ‘எய்தர் ஆர் சர்வைவர்’ முறையில் மகன் பெயரையும் சேர்த்திருப்பார்கள். பணம் அம்மாவுடையது, வட்டியும் அம்மாவுக்கே. அந்த வட்டியை மகன் தன் வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை, ஆனால் கணக்கை 3916இல் எழுதியே ஆக வேண்டும். பணம் யாருடையது என்பதற்கான ஆதாரத்தைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். வெறும் அதிகாரப் பத்திரத்தை வைத்து ஒரு கணக்கை இயக்குபவருக்கும் இது பொருந்தும்.

எழுதாவிட்டால் அபராதம் ஒரு கணக்குக்கு, ஓர் ஆண்டுக்கு 1,500 யூரோ. இரண்டு கணக்கு, மூன்று ஆண்டு என்றால் 9,000 யூரோ. அந்தக் கணக்குகளில் மொத்தம் நாற்பதாயிரம் ரூபாய்தான் இருந்தது என்பது கணக்கில் வராது. இதைவிடக் கடுமையான ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. அறிவிக்காத கணக்கின் வழியாக வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை, வேறு என்று நீங்கள் நிரூபிக்காதவரை, வரிக்குரிய வருமானம் என்றே கொள்வார்கள். தாத்தாவின் மனையை விற்ற பணத்தை அப்படிப்பட்ட கணக்கிலிருந்து இங்கே வீடு வாங்க அனுப்புபவர் எங்கே போய் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியாவும் பிரான்சும் 2017 முதல் வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகப் பரிமாறிக்கொள்கின்றன. வங்கியில் வரி வசிப்பு எந்த நாடு, அங்குள்ள வரி எண் என்ன என்று கேட்டு நிரப்பச் சொல்லும் தாள் அதற்காகத்தான்.

அடுத்து வட்டி. என்ஆர்இ வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் பிரான்சிலும் இல்லை என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. இந்தியா விலக்கு தந்தது இந்திய வரிக்கு மட்டும். பிரான்சுக்கு அது சாதாரண வட்டி. 12.8 சதவீத வருமான வரி, அதன்மேல் சமூகப் பாதுகாப்புக்கான பிடித்தங்கள். இந்த ஒற்றை விகித முறை 2018இல் வந்தபோது சமூகப் பங்கு 17.2, ஆக மொத்தம் 30 சதவீதம். சமூகப் பங்கு மாறக்கூடியது, அந்தந்த ஆண்டுக்குரியதைப் பாருங்கள். இந்தியாவில் எதுவும் பிடிக்காததால் கழித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. வருமானம் குறைவாக இருந்து 0 அல்லது 11 சதவீதப் படியில் நிற்பவர்கள் 2ஓபி கட்டத்தில் குறியிட்டு, 12.8க்குப் பதிலாக வருமானத்துக்கேற்ப உயரும் படிநிலை விகிதத்தைக் கேட்கலாம். ஆனால் அந்தத் தேர்வு அந்த ஆண்டின் எல்லா வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் சேர்த்தே பொருந்தும்.

என்ஆர்ஓ வைப்பில் கதை வேறு. ஒரு லட்சம் ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். வங்கி 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31,200 ரூபாய் பிடித்துக்கொண்டு 68,800ஐ வரவு வைக்கும். பிரெஞ்சுப் படிவத்தில் காட்ட வேண்டியது கைக்கு வந்த 68,800 அல்ல, முழு ஒரு லட்சம். ஒரு யூரோ 90 ரூபாய் என்று கொண்டால் 1,111 யூரோ. அதற்கு 12.8 சதவீதம் 142 யூரோ. இந்தியாவில் 31.2 சதவீதம் கட்டியிருக்கிறோமே, இங்கே வரியே வராது என்றுதானே தோன்றும்? இந்திய-பிரெஞ்சு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் வட்டிக்கு இந்தியா பிடிக்கக்கூடிய வரியைப் பத்து சதவீதத்தில் நிறுத்தியிருக்கிறது. பிரான்ஸ் கழித்துத் தருவதும் அந்தப் பத்துக்குத்தான், அதாவது 111 யூரோ. மீதி 31 யூரோவும் சமூகப் பிடித்தமும் இங்கே கட்ட வேண்டும். இந்தியாவில் கூடுதலாகப் போன 21,200 ரூபாயை இந்தியாவில் ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற முடியும். பிரெஞ்சு வரி அலுவலகத்தில் வரி வசிப்புச் சான்றிதழ் வாங்கி, வங்கி கேட்கும் மற்ற தாள்களோடு ஆண்டுத் தொடக்கத்திலேயே இந்திய வங்கியிடம் கொடுத்துவிட்டால் முதலிலேயே பத்து சதவீதம்தான் பிடிப்பார்கள். இந்த ஒரு தாளுக்காக அலைவது வீண்போகாது. இலங்கையோடும் பிரான்சுக்கு வரி ஒப்பந்தம் உண்டு. இந்திய விகிதங்களை அதற்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. பிரான்சுக்கு ஜனவரி முதல் டிசம்பர், இந்தியாவுக்கு ஏப்ரல் முதல் மார்ச். இந்திய வங்கி தரும் வட்டிச் சான்றிதழின் மொத்தத்தை அப்படியே எழுதினால் இரண்டு நாட்டிலும் கணக்கு ஒத்துவராது. இரண்டு இந்திய ஆண்டுகளின் அறிக்கைகளை எடுத்து, ஒன்றிலிருந்து கடைசி மூன்று மாதம், மற்றதிலிருந்து முதல் ஒன்பது மாதம் என்று பிரித்துக் கூட்டுங்கள். பணம் வரவான நாளின் மாற்று விகிதத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

கணிசமான வட்டி பெறுபவர்களுக்கு ஒன்று: வெளிநாட்டு வங்கி தரும் வட்டிக்கு, அது வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் 2778 படிவத்தில் முன்வரியை நீங்களே கட்ட வேண்டும். வரி அலுவலகம் கணக்கிட்டுத் தரும், இரண்டாண்டுக்கு முந்தைய குறிப்பு வருமானம் தனியருக்கு 25,000, தம்பதிக்கு 50,000 யூரோவுக்குக் கீழே என்றால் தேவையில்லை. கட்டிய தொகையைப் பிறகு 2சிகே கட்டத்தில் எழுத மறந்தால் இரண்டு முறை கட்டியதாகிவிடும்.

வாடகைக்கு வருவோம். இந்தியாவில் போட்ட வரிக் கணக்கின் எண்ணை இங்கே நகலெடுக்கக் கூடாது. பிரெஞ்சு விதிப்படி புதிதாகக் கணக்கிட வேண்டும். டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வரி) போவதற்கு முந்தைய மொத்த வாடகைதான் தொடக்கம். இங்கும் அங்கும் உள்ள வாடகை சேர்ந்து ஆண்டுக்கு 15,000 யூரோவைத் தாண்டாவிட்டால், எளிய முறையில் 30 சதவீதக் கழிவு, கட்டம் 4பிஇ. தாண்டினாலோ, பெரிய பழுதுச் செலவு இருந்தாலோ 2044 என்ற விரிவான வாடகைப் படிவம். எல்லாவற்றுக்கும் முன்னால் 2047 என்ற வெளிநாட்டு வருமானப் படிவம். அதை முதலில் நிரப்பினால், எந்தத் தொகை 2042இன் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

இரட்டை வரியை ஒப்பந்தங்கள் இரண்டு வழியில் நீக்குகின்றன. ஒன்று, பிரெஞ்சு வரிக்குச் சமமான தொகையைக் கழித்துத் தருவது, கட்டம் 8டிகே. மற்றது, அந்த வருமானத்துக்கு விலக்கு தந்துவிட்டு மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை மட்டும் உயர்த்துவது, கட்டம் 8டிஐ. எந்த நாட்டுக்கு, எந்த வருமானத்துக்கு எது என்பது அந்தந்த ஒப்பந்தத்தின் இரட்டை வரி நீக்கப் பிரிவில் இருக்கும். பெயர் வேறானாலும் வருமான வரியில் விளைவு ஒன்றே. கழிவுகள் போக 32,000 யூரோ சம்பளம் உள்ள தனியர், 2024 வருமானத்துக்கான படிநிலையில் 2,765 யூரோ வரி கட்டுவார். கழிவு போக 7,000 யூரோ வெளிநாட்டு வாடகையும் சேர்ந்தால் மொத்தம் 39,000, வரி 4,865. அதில் வாடகையின் விகிதப் பங்கு 873 கழியும். கட்ட வேண்டியது 3,992. வாடகையை முழுதாக வரிக்குட்படுத்தியிருந்தால் 2,100 யூரோ கூடியிருக்கும், ஒப்பந்தத்தால் சுமார் 1,227தான் கூடுகிறது. ஒப்பந்தம் இருப்பதால் ஒன்றும் கூடாது என்பவர்களும், இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்று பயமுறுத்துபவர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

புதிதாக வந்தவர்கள், வந்த நாளுக்கு முன் ஊரில் சம்பாதித்ததைக் காட்ட வேண்டாம். செப்டம்பரில் வந்தவருக்குக் கணக்கு செப்டம்பரிலிருந்துதான். வேலைக்காக அழைத்து வரப்பட்டு, அதற்கு முந்தைய ஐந்து காலண்டர் ஆண்டுகள் இங்கே வரி வசிப்பு இல்லாதவர்கள் 155பி பிரிவின் சலுகையைப் பார்க்க வேண்டும். தகுதி இருந்தால் வெளிநாட்டு வட்டி, ஈவுத்தொகையில் பாதிக்கு வருமான வரி இல்லை. நிறுவனம் சொல்லும் என்று காத்திருந்து இதை இழக்கிறார்கள். சென்னையில் சொத்து மதிப்பு ஏறிக்கிடக்கும் குடும்பங்கள், உலகெங்கும் உள்ள அசையாச் சொத்து 13 லட்சம் யூரோவைத் தாண்டினால் தனிச் சொத்து வரி உண்டு என்பதையும், புதிதாகக் குடியேறியவருக்கு வெளிநாட்டுச் சொத்து ஐந்தாம் ஆண்டு முடியும்வரை அதில் சேராது என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

இதுவரை காட்டாதவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம். இந்த ஆண்டுப் படிவத்தைக் கொடுத்த பின்னும், ஆகஸ்ட் முதல் இணையத்திலேயே திருத்தலாம். பழைய ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒரு 2047, கணக்கு ஒன்றுக்கு ஒரு 3916 என்று நிரப்பி, ஒரு சிறு விளக்கக் கடிதத்தோடு வரித்தளத்தின் பாதுகாப்பான செய்திப் பெட்டி வழியாக அனுப்புங்கள். தாமத வட்டி மாதத்துக்கு 0.20 சதவீதம். அவர்கள் கேட்கும் முன் நல்லெண்ணத்தோடு நீங்களாகத் திருத்தினால் அது பாதியாகும். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகென்றால், அறிவிக்காத கணக்கில் மறைந்த வரிக்கு 80 சதவீதம் வரை கூடுதல் போகலாம், பத்து ஆண்டு பின்னோக்கியும் தோண்டலாம்.

கடைசி நாள் மாவட்ட எண்ணைப் பொறுத்தது. 2025இல் தாளில் கொடுப்பவர்களுக்கு மே 20. இணையத்தில் 1 முதல் 19 வரை மே 22, 20 முதல் 54 வரை மே 28, பாரிஸ் உட்பட 55 முதல் ஜூன் 5. நம் மக்கள் அதிகம் வாழும் 93, 94, 95 எல்லாம் கடைசி மண்டலம். ஆனால் ஊரிலிருந்து வட்டிச் சான்றிதழ் வந்து சேர மூன்று வாரம் ஆகும். மார்ச்சிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் முதல் வாரத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி, 2042இல் 8யூயூ கட்டம் எங்கே இருக்கிறது என்பதைப் படத்தோடு அச்சிடுங்கள். பிரெஞ்சு படிக்கத் தெரியாத பெரியவர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையோடு வரி அலுவலகத்துக்கு எடுத்துப் போவார்கள்.

இப்படிக்கு,
வரிப் படிவங்களோடு பணிபுரியும் ஒரு வாசகர்,
பாரிஸ் புறநகர்