சர்நேமுக்கு கேடயச் சின்னம் விக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். "உங்க சர்நேம டைப் பண்ணுங்க, உங்க குடும்பத்தோட கோட் ஆஃப் ஆர்ம்ஸ் (கேடயச் சின்னம்) ரெடி"ன்னு மக், சாவிக்கொத்து, ஃப்ரேம் போட்ட படம்னு விக்கிற எல்லாருக்கும் தான் இத எழுதுறேன்.

தூத்துக்குடியில எங்க சித்தப்பா வீட்டு ஹால்ல அப்படி ஒரு படம் தொங்குது. பழைய தோல் மாதிரி பிரிண்ட் பண்ண பேப்பர், ஒரு கேடயம், அதுக்கு மேல இரும்புத் தொப்பி, கீழ சுருள் எழுத்துல ஃபெர்னாண்டோ. வர்றவங்க எல்லாருக்கும் "இது நம்ம குடும்பச் சின்னம்"னு காட்டி சந்தோஷப்படுறாரு. அவர குத்தம் சொல்ல மாட்டேன், அப்படி எழுதி வித்தது நீங்கதானே.

இங்கிலாந்துல கோட் ஆஃப் ஆர்ம்ஸ் சர்நேமுக்கு கிடையாது, ஒரு ஆளுக்குத்தான் குடுப்பாங்க, அப்புறம் அவரோட நேரடி வாரிசுங்களுக்கு வரும், அதுவும் பெரும்பாலும் ஆண் வழியில. இத பதிவு பண்ற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484ல ராஜா மூணாம் ரிச்சர்ட் ஆரம்பிச்சது, இன்னைக்கும் லண்டன்ல இருக்கு, அவங்களே ஒரு சர்நேமுக்குன்னு சின்னம் எதுவும் கிடையாதுன்னு தெளிவா சொல்றாங்க.

ஷேக்ஸ்பியரையே எடுத்துக்கோங்க. அவரோட அப்பா ஜான், ஸ்ட்ராட்ஃபோர்டுல கையுறை தைக்கிறவரு, அவருக்கு 1596 அக்டோபர்ல சின்னம் கிடைச்சது, தங்க நிறக் கேடயம், குறுக்க சாய்வா ஒரு கருப்புப் பட்டை, அதுல ஒரு ஈட்டி. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் வில்லியமோட ஒரே பையன் ஹாம்னெட் 11 வயசுல செத்துப்போயிருந்தான். அந்தச் சின்னத்த அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக வேண்டிய புள்ள அவன், நெனச்சாலே மனசு கனக்குது. 1670ல பேத்தி எலிசபெத்தும் போனதோட வில்லியமோட நேரடி வாரிசே இல்லாம போச்சு. இப்ப ஷேக்ஸ்பியர்னு சர்நேம் வச்சிருக்கிற யாருக்கோ அந்த ஈட்டிய "உங்க குடும்பத்தோடது"ன்னு விக்கிறது எப்படி நியாயம்?

ஸ்காட்லாந்துல இன்னும் கண்டிப்பு. 1672லயே சட்டம் போட்டு, எடின்பரோல லார்ட் லயன் கோர்ட்டுன்னு தனியா நீதிமன்றமே வச்சிருக்காங்க, அடுத்தவர் சின்னத்த தன்னோடதுன்னு போட்டுக்கிட்டா அங்க வழக்கு வரும். கிளான்னு சொல்ற குலத்து ஆளுங்க தங்க தலைவரோட கேடயத்த போட்டுக்க முடியாது, இரும்புத் தொப்பிக்கு மேல வர்ற அவரோட சின்னத்த மட்டும் பெல்ட்டும் பக்கிளும் சுத்தின பேட்ஜா தான் குத்திக்கலாம். போலந்து வேற மாதிரி, அங்க சம்பந்தமே இல்லாத பல சர்நேம் பிரபுக் குடும்பங்க ஒரே சின்னத்த பகிர்ந்துக்கிட்டாங்க, ஆனா அங்கயும் ஒரு சர்நேமுக்கு ஒரு சின்னம்னு கணக்கு இல்ல.

எங்க ஊருக்கு வர்றேன். 1530கள்ல முத்துக்குளித்துறை பரதவர் ஊர் ஊரா ஞானஸ்நானம் வாங்கினப்போ வந்தது தான் ஃபெர்னாண்டோ மாதிரி இந்த போர்த்துக்கீசியப் பேருங்க. பேரு வந்துச்சு, ரத்த உறவு வரல, கேடயமும் வரல. சிலோன்லயும் ஒருத்தருக்கொருத்தர் எந்த சம்பந்தமும் இல்லாத எத்தனையோ ஃபெர்னாண்டோ இருக்காங்க. முத்துக் குளிச்சு கடல நம்பி வாழ்ந்த சனத்துக்கு சொல்ல அவ்ளோ வரலாறு இருக்கு, அத மறைச்சிட்டு ஐரோப்பாவுல எவனோ ஒரு பிரபுவோட சிங்கச் சின்னத்த ஏன் மாட்டி விடுறீங்க, ரொம்ப வலிக்குதுங்க.

விக்காதீங்கன்னு சொல்லல. படம் அழகா இருக்கு, வாங்குறவங்க வாங்கட்டும். "உங்க குடும்பச் சின்னம்"னு போடுறத மட்டும் எடுத்துட்டு, இந்தப் பேருள்ள இன்னார் இந்த ஊர்ல இந்த வருஷம் வாங்கின சின்னம்னு உண்மைய அச்சடிங்க, அந்த விவரம் உங்ககிட்ட இல்லன்னா அந்தப் பேர லிஸ்ட்ல இருந்தே தூக்கிடுங்க, ஏற்கனவே நம்பி வாங்கினவங்க திருப்பிக் கேட்டா காசக் குடுத்துடுங்க.