தாரு மக்கள் மலையில் வாழ்கிறவர்கள் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் தாரு பழங்குடியினரைப் பற்றி வந்த கட்டுரையில் 'சுகாதாரம் அறியாத இந்த மலைவாழ் மக்கள் நத்தையும் சாராயமுமாக உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்' என்று ஒரு வரி. நாலு நாளாக அது மனதை விட்டுப் போகவில்லை.

அவர்கள் மலையில் வாழ்கிறவர்களே இல்லை. இமயத்துக்குக் கீழே, இந்திய நேபாள எல்லையின் இரண்டு பக்கமும் கிடக்கும் தராய் சமவெளியில் நெல் பயிரிடுகிறவர்கள். பழங்குடி என்றாலே 'மலைவாழ் மக்கள்' என்று போட்டுவிடுகிறீர்கள். செங்கல்பட்டு இருளர்களை அப்படி எழுதியபோதே ஒரு கடிதம் போட்டேன். வெளியிடவில்லை, சரி, ஒரு வரி பதிலாவது வரும் என்று பார்த்திருந்தேன்.

எஸ்.எஸ்.பி. எல்லைக் காவல் படையில் மருந்தாளுநராக ஆறு வருஷம் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், துத்வா காட்டை ஒட்டி இருந்தவன் நான். சாணமும் மண்ணும் பூசி மெழுகிய அந்த வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவ்வளவு சுத்தமான அடுப்படியை நான் அதிகம் பார்த்ததில்லை. வயல் நத்தையை அங்கே கோங்கி என்பார்கள். வால் பக்கத்தைத் தட்டிவிட்டு, ஆளிவிதை அரைத்துப் போட்டுக் கொதிக்கவைத்து, உறிஞ்சிச் சாப்பிடுவார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் மூலத்துக்கு நல்லது என்று நாமே நத்தைக் கறி சமைக்கிறோம், அதை யாரும் சுகாதாரக் கேடு என்று எழுதுவதில்லையே.

குடி இல்லை என்று சொல்ல வரவில்லை. அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜாட் உண்டு, குடியால் கெட்ட குடும்பங்களும் உண்டு, புகையிலையும் அதிகம். ஆனால் 1977இல் துத்வா தேசியப் பூங்கா ஆன பிறகு காட்டுக்குள் போய்க் கீரை, காளான், மீன் கொண்டுவருவதே பெரும்பாடாகிவிட்டது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

தலைமுறை தலைமுறையாக மலேரியாக் காட்டில் வாழ்ந்த அவர்கள் ரத்தத்திலேயே அதைத் தாங்கும் தன்மை உண்டு. அது ஆல்ஃபா தலசீமியா என்கிற, பரம்பரையாக வரும் ரத்தக் குறை. மலேரியாவைத் தாங்கவைக்கும் அதுவே லேசான ரத்தசோகையையும் கொடுக்கும். அப்படி வருகிற சோகை இரும்புச்சத்து மாத்திரையால் மட்டும் சரியாகாது. இது தெரியாமல் நானே எத்தனையோ பெண்களிடம் 'ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையா' என்று கேட்டிருக்கிறேன், அப்புறம் விஷயம் தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. நேபாளத்தின் கைலாலியிலிருந்து உறவு வீட்டுக்கு வந்திருந்த ஒரு பையனுக்கு மூட்டுமூட்டாக வலி. பதினொரு வயசு. நகரத்து மருத்துவமனை ஒன்றில் சாப்பாடு சரியில்லை என்று தாயைத் திட்டி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கடைசியில் வேறு ஊரில் ரத்தம் பார்த்தபோது அரிவாள் செல் நோய், அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் என்று தெரிந்தது. மேற்கு நேபாளத் தாருக்களிடம் அது அதிகம். அந்தத் தாய் அதுவரை தன் சமையலில்தான் தப்பு என்று அழுதுகொண்டிருந்தாள்.

நம் நாட்டிலேயே 2023 ஜூலையில் அரிவாள் செல் நோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கி, ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். அவ்வளவு நீளக் கட்டுரையில் இதற்கு இடமில்லாமல் போனது எனக்கு மிகவும் வருத்தம்.

தயவுசெய்து அடுத்த இதழில் 'மலைவாழ்' என்ற சொல்லைத் திருத்தி ஒரு குறிப்பு போடுங்கள். இடம் இருந்தால் அந்த ரத்தப் பரிசோதனை பற்றியும் இரண்டு வரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்.