பாண்டுக்கு வாக்களிக்கும் முன் பணிப் பட்டியலைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்றும்: "நம்ம ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பாண்டு கேக்குது, யெஸ்ஸா நோவா?" பாண்டு என்பது பள்ளிக் கட்டட வேலைக்காக டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதியின் பள்ளி நிர்வாகம்) பத்திரம் விற்று வாங்கும் கடன்; அதை அப்பகுதியினர் சொத்து வரி மூலம் அடைக்கிறார்கள். வரும் பதில்களும் இரண்டே வகைதான். "பிள்ளைங்களுக்காகத்தானே, போடுங்க" என்பார்கள் சிலர். "இருக்கிற சொத்து வரியே தாங்கல" என்பார்கள் மற்றவர்கள். இரு தரப்பிலும் பெரும்பாலானோர் வாக்குச்சீட்டில் அச்சாகும் 75 சொற்களுக்கு மேல் படிப்பதில்லை. அந்த 75 சொற்களும் வாக்கு வாங்குவதற்காகச் செதுக்கப்பட்டவை. வாக்காளர் கையேட்டின் பின்பகுதியில் பொடி எழுத்தில் வரும் முழு உரையும், அதோடு இணைத்த பணிப் பட்டியலும்தான் நாம் படிக்க வேண்டியவை. பட்டியலில் இல்லாத வேலையை அந்தப் பணத்தில் செய்யக் கூடாது. பட்டியலில் உள்ள வேலையெல்லாம் நடந்தே தீரும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. இதில் முதல் பாதி பலருக்குத் தெரியும், இரண்டாம் பாதி தெரியாததால்தான் பிறகு ஏமாற்றம் வருகிறது.

2000-இல் நிறைவேறிய 39ஆம் முன்மொழிவுக்கு (மாநிலம் முழுவதும் மக்கள் வாக்குக்கு விடப்பட்ட சட்டம், Proposition) முன்பு, பள்ளி பாண்டு ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. அந்த முன்மொழிவு அதை 55 சதவீதமாகக் குறைத்தது. பதிலுக்கு அதுவும் அதோடு வந்த துணைச் சட்டமும் சில கட்டுப்பாடுகளை வைத்தன: பணிப் பட்டியல் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் நடக்க வேண்டும், குடிமக்கள் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும், ஆசிரியர் சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. "ஆசிரியர்களை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டே ஜிம் கட்டுகிறார்களே" என்று கோபப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜிம்மைக் கட்டாமல் விட்டாலும் அந்தப் பணம் ஆசிரியருக்குப் போகாது. சம்பளத்துக்கு வேண்டுமானால் டிஸ்ட்ரிக்ட் பார்சல் டாக்ஸ் (ஒவ்வொரு மனைக்கும் விதிக்கும் தனி வரி) கேட்க வேண்டும். அதற்கு இன்றும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை.

அடுத்தது வரிக் கணக்கு. கிண்டர்கார்டன் முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே நிர்வாகமாக உள்ள யூனிஃபைட் டிஸ்ட்ரிக்டுக்கு, ஒரு மெஷருக்கு (வாக்குச்சீட்டில் வரும் ஒரு பாண்டுக் கோரிக்கைக்கு), ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலர் உச்சவரம்பு. தொடக்கப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் தனித்தனி டிஸ்ட்ரிக்ட் என்றால் தலா 30 டாலர், கம்யூனிட்டி காலேஜுக்கு 25 டாலர். இங்கே மதிப்பு என்பது இன்றைய சந்தை விலை அன்று, கவுன்ட்டியின் மதிப்பீடு. 1978-இன் 13ஆம் முன்மொழிவுப்படி அது வீடு வாங்கிய விலையில் தொடங்கி ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். 1985-இல் 2 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டின் மதிப்பீடு இன்று ஏறக்குறைய 4.4 லட்சம். 60 டாலர் விகிதத்தில் அவர் கட்டுவது சுமார் 265 டாலர். அதே தெருவில் போன வருடம் 16 லட்சத்துக்கு வாங்கியவர் கட்டுவது 960 டாலர். சமீபத்தில் வீடு வாங்கிய நம் குடும்பங்களின் மீதுதான் பாரம் அதிகம் விழுகிறது, இதை மறைக்க வேண்டியதில்லை.

உச்சவரம்பு ஒவ்வொரு மெஷருக்கும் தனித்தனி. பழைய பாண்டுகளின் வரியோடு புதியதும் சேரும். குப்பர்டினோவில் வீடு உள்ளவர் தொடக்கப் பள்ளி டிஸ்ட்ரிக்ட், உயர்நிலைப் பள்ளி டிஸ்ட்ரிக்ட், ஃபூட்ஹில் டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜ் டிஸ்ட்ரிக்ட் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்டுகிறார். (அங்குள்ள உயர்நிலைப் பள்ளி டிஸ்ட்ரிக்டின் பெயர் ஃப்ரீமான்ட் யூனியன். அதற்கும் ஃப்ரீமான்ட் நகரத்தின் ஃப்ரீமான்ட் யூனிஃபைடுக்கும் சம்பந்தமில்லை. புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்புவதுண்டு.) வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பாண்டும் எந்த விகிதத்தில் வருகிறது என்பது தெரியும். இன்னொன்று, அந்த 60 டாலர் என்பது பத்திரத்தை விற்கும் நேரத்துக் கணிப்பு. பிறகு ஏரியாவின் மொத்த மதிப்பீடு சரிந்தால், கடனைக் கட்ட எவ்வளவு தேவையோ அவ்வளவு வரியைக் கவுன்ட்டி விதித்தே ஆக வேண்டும்.

"வரி விகிதத்தை உயர்த்தாமல்" என்ற வாசகம் பல மெஷர்களில் வருகிறது. பழைய கடன் அடைந்து வரி குறைய வேண்டிய இடத்தில் புதிய கடன் வந்து உட்காருகிறது என்பதே அதன் பொருள். அதில் தவறில்லை. ஆனால் இலவசம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வட்டியையும் பார்க்க வேண்டும். 10 கோடி டாலரை 4 சதவீத வட்டியில் சம தவணையாக 25 ஆண்டில் கட்டினால் மொத்தம் 16 கோடி, 30 ஆண்டில் கட்டினால் 17 கோடியே 35 லட்சம். இது இயல்பான கடன். சான் டியாகோ அருகே உள்ள போவே யூனிஃபைட் 2011-இல் வேறு வகைப் பத்திரத்தை விற்றது. ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குத் தவணையே இல்லை, வட்டி மேல் வட்டியாக ஏறிக்கொண்டே போகும். கடன் வாங்கியது சுமார் 10.5 கோடி டாலர், திருப்பிக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 100 கோடி. அதன் பிறகு 2013-இல் சட்டம் வந்து, இத்தகைய பத்திரத்துக்கு 25 ஆண்டு வரம்பும், அசலைப்போல் நான்கு மடங்குக்கு மேல் திருப்பிக் கட்டக் கூடாது என்ற வரம்பும் விதித்தது. நான்கு மடங்கு என்பதே அதிகம்தான். இந்த வகைப் பத்திரத்தை விற்கவே மாட்டோம் என்று உங்கள் டிஸ்ட்ரிக்டின் போர்டு (நிர்வாகக் குழு) தீர்மானம் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். பல பட்டியல்கள் "எல்லாப் பள்ளிகளிலும் கூரை, மின்சாரம், குழாய், ஏசி ஆகியவற்றைப் பழுதுபார்த்தல், மாற்றுதல் அல்லது மேம்படுத்துதல்" என்று பொத்தாம்பொதுவாக எழுதப்பட்டிருக்கும். எதையும் செய்யலாம், எதையும் விடலாம் என்பதற்கு வசதியான மொழி அது. டிஸ்ட்ரிக்டின் வசதிகள் மாஸ்டர் பிளானை இணையதளத்திலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதில் பள்ளிவாரியாகத் தேவையும் மதிப்பீடும் இருக்கும். மொத்தத் தேவை 60 கோடி, கேட்பது 30 கோடி என்றால் பாதி வேலை நடக்காது. எந்தப் பாதி? பத்திரங்களை ஒரேயடியாக விற்க மாட்டார்கள், தொடர் தொடராக விற்பார்கள். வரி விலக்குப் பத்திரத்துக்கான மத்திய விதிப்படி, விற்ற பணத்தில் 85 சதவீதத்தை மூன்று ஆண்டுக்குள் செலவிட முடியும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே "முதல் தொடரில் எந்தப் பள்ளி, என்ன வேலை?" என்ற ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தால், அந்த டிஸ்ட்ரிக்ட் தயாராக இருக்கிறது என்று நம்பலாம்.

சொன்ன தொகைக்குள் வேலை ஏன் முடிவதில்லை என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா இடத்திலும் திருட்டு என்று முடிவு கட்டுவது நியாயம் இல்லை. மொத்தச் செலவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வடிவமைப்பு, அனுமதிக் கட்டணம், பரிசோதனை, மண் ஆய்வு, மேற்பார்வை, இடைக்கால வகுப்பறை வாடகை என்று போய்விடும். வெறும் கட்டுமானச் செலவை மட்டும் காட்டும் மதிப்பீடு அப்போதே பொய்த்துவிட்டது. 1933 மார்ச் 10 அன்று மாலை லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. வகுப்பு முடிந்த நேரமாக இருந்ததால் பிள்ளைகள் தப்பித்தார்கள். அடுத்த மாதமே ஃபீல்டு சட்டம் வந்தது. அதிலிருந்து அரசுப் பள்ளிக் கட்டட வேலைகளுக்கு மாநிலக் கட்டட வடிவமைப்புப் பிரிவான டிஎஸ்ஏயின் ஒப்புதலும், வேலை நடக்கும் இடத்தில் தனி இன்ஸ்பெக்டரும் வேண்டும். நகராட்சி அனுமதியோடு கட்டும் கடையைவிடப் பள்ளிக்குச் செலவு கூடுவதற்கு இது ஒரு காரணம். இந்தச் செலவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பழைய கட்டடத்தைத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். 1980-க்கு முந்தைய கட்டடங்களில் ஒன்பது அங்குலத் தரை ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பெயின்டில் ஈயம் இருக்கலாம். கூரை ஓரப் பலகைகள் மழையில் உளுத்திருக்கும். 24க்கு 40 அடி போர்ட்டபிள் வகுப்பறைகளில் சுவரின் அடிப்பகுதியும் தரைக்குக் கீழுள்ள மரச்சட்டமும்தான் முதலில் அழுகும். தற்காலிகம் என்று கொண்டுவந்து வைத்தவை முப்பது ஆண்டுகள் கழித்தும் வகுப்பறைகளாக நிற்கின்றன. ஒரு வகுப்பறைப் பகுதியை மாற்றியமைத்தால் கார் நிறுத்தத்திலிருந்து வாசல்வரை சக்கர நாற்காலிப் பாதை, கழிப்பறை, குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் இன்றைய விதிக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். இதையெல்லாம் எதிர்பார்த்து, புதுப்பிக்கும் வேலைக்கு 10 சதவீதமாவது அவசர ஒதுக்கீடு வைக்காத திட்டம் சேஞ்ச் ஆர்டர்களில் (வேலை நடுவே ஒப்பந்தத்தையும் தொகையையும் மாற்றும் ஆணைகளில்) சிக்கும்.

வேலையின் வரிசை இதைவிட முக்கியம். கூரைமேல் வைக்கும் ஏசி யூனிட்டை மாற்றப் போகிறோம் என்றால் கூரை வேலையையும் அதோடு சேர்த்தே செய்ய வேண்டும். இந்த வருடம் கூரையைப் போட்டு, அடுத்த வருடம் ஏசிக்காக அதைத் துளைத்தால் கூரை நிறுவனத்தின் வாரன்டி போய்விடும், துளைத்த இடத்திலேயே ஒழுகும். கேஸ் ஹீட்டரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைக்கிறார்கள் என்றால் முதலில் மெயின் ஸ்விட்ச்போர்டும் மின் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபார்மரும் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஸ்விட்ச்போர்டு ஆர்டர் கொடுத்து வந்து சேர ஒரு வருடம்கூட ஆகலாம். பெரிய வேலைக்குக் கிடைப்பதோ கோடை விடுமுறையின் பத்து வாரம். ஜூனில் கான்ட்ராக்டர் வந்து நிற்கும்போது ஸ்விட்ச்போர்டு வரவில்லை என்றால் ஒரு முழு வருடம் போச்சு. விளையாட்டுத் திடலின் தார், நிலத்தடிக் குழாய்களுக்குப் பிறகுதான். அடுத்த தேர்தலுக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பெயின்டும் தாரும் முதலில் நடந்து, இரண்டு வருடம் கழித்துக் கழிவுநீர்க் குழாய்க்காக அதையே வெட்டுவதைப்போல் வீண் வேறில்லை.

25 ஆண்டுக் கடனில் லேப்டாப் வாங்குவது தவறு. அவை ஐந்து வருடம் தாங்கினாலே அதிகம், பாக்கி இருபது வருடம் வட்டி கட்டுவது யார்? கருவிகள் வேண்டுமானால் மூன்று, நான்கு ஆண்டில் அடையும் குறுகியகாலத் தொடராக விற்கட்டும். அதேபோல், மாநில உதவி பெற்ற டிஸ்ட்ரிக்டுகள் பொது நிதிச் செலவில் 3 சதவீதத்தை வழக்கமான பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்காமல் புதிய கூரைக்கு வாக்களித்தால், வடிகால் அடைத்து அந்தக் கூரையும் சீக்கிரமே ஒழுகும்.

மாநிலப் பணமும் உண்டு. 2024 நவம்பரில் நிறைவேறிய 2ஆம் முன்மொழிவின் 1,000 கோடி டாலரில் 850 கோடி பள்ளிகளுக்கு, அதில் 400 கோடி பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க. நிரந்தரக் கட்டடத்துக்கு 25 வயதும் போர்ட்டபிளுக்கு 20 வயதும் ஆகியிருந்தால் தகுதி உண்டு. தகுதியான செலவில் மாநிலம் 60 முதல் 65 சதவீதம் தரும். ஆனால் உள்ளூர்ப் பங்கைக் காட்டியாக வேண்டும். உள்ளூர் பாண்டு தோற்ற டிஸ்ட்ரிக்டுகள் பெரும்பாலும் இந்தப் பணத்தையும் கைவிட நேரிடுகிறது. நான் பெரும்பாலான பள்ளி பாண்டுகளுக்கு ஆதரவாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

டிஸ்ட்ரிக்ட் தன் பணத்தில் தகவல் தரலாம், "யெஸ் போடுங்கள்" என்று பிரசாரம் செய்யக் கூடாது. பிரசாரக் குழு தனி. அதற்கு யார் பணம் தந்தார்கள் என்பது 460 என்ற படிவத்தில் பொதுப் பதிவாக இருக்கும். கட்டட வடிவமைப்பு நிறுவனங்களும் பத்திரம் விற்கும் நிறுவனங்களும் தருவது சட்டப்படி தவறில்லை. பிறகு ஒப்பந்தம் யாருக்குப் போகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது வாக்காளரின் உரிமை.

மெஷர் ஜெயித்த பிறகு, தேர்தல் முடிவை போர்டு பதிவு செய்த 60 நாளுக்குள் கண்காணிப்புக் குழுவை அமைக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர். தொழில் அமைப்பு, மூத்தோர் அமைப்பு, வரி செலுத்துவோர் அமைப்பு ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவரும், பெற்றோர் ஒருவரும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இயங்கும் பெற்றோர் ஒருவரும் கட்டாயம். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. டிஸ்ட்ரிக்ட் ஊழியரும் கான்ட்ராக்டரும் இருக்கக் கூடாது. இந்த இடங்களுக்கு ஆள் கிடைக்காமல் டிஸ்ட்ரிக்டுகள் திண்டாடுவதுண்டு. நம்மவர்களில் சிவில் இன்ஜினியர்களும் கணக்காயர்களும் எத்தனை பேர்! விண்ணப்பியுங்கள். குழுவில் சேர்ந்ததும் கேட்க வேண்டிய முதல் ஆவணம், டிஎஸ்ஏ சான்றிதழ் இல்லாமல் முடித்துவைக்கப்பட்ட பழைய வேலைகளின் பட்டியல். அவற்றைச் சரிசெய்யாமல் அதே கட்டடத்தில் புதிய வேலைக்கு ஒப்புதல் வாங்குவது சிக்கலாகிவிடும். ஆண்டுத் தணிக்கை அறிக்கை மார்ச் 31-க்குள் வர வேண்டும். அதில் சேஞ்ச் ஆர்டர் பகுதியை முதலில் படியுங்கள்.

கடைசியாக, ஹெச்1பி விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்களுக்கு: வரி கட்டினாலும் இந்தத் தேர்தலில் வாக்கு கிடையாது. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் படிவம் நீட்டினார்கள் என்பதற்காக வாக்காளராகப் பதிந்துவிடாதீர்கள், குடியேற்ற நிலைக்கே ஆபத்து. ஆனால் போர்டு கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்பது சட்டம். பாண்டுத் தீர்மானம் எந்தக் கூட்டத்தில் வருகிறது என்று பார்த்து, பணிப் பட்டியல் இறுதியாகும் முன்பே போய் உங்கள் பிள்ளையின் பள்ளியில் எந்தக் கட்டடம், எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சான்டா கிளாரா கவுன்ட்டி, கலிபோர்னியா