மே 2026 தேர்வுக்குப் பழைய வரிப் புத்தகமும் திறக்காத பென்டிரைவும்: புகார்

அனுப்புநர்
சிஏ இன்டர் மாணவி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், பெங்களூரு.

பொருள்: உங்களிடம் வாங்கிய சிஏ இன்டர் குரூப் 1 டாக்சேஷன் (வரி), லா (சட்டம்) புத்தக, வீடியோ வகுப்பு காம்போ. புத்தகம், பென்டிரைவ், பணம் மூன்றும் தொடர்பாக.

ஐயா,

முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து இதற்கும் ஒரு புகார் டிக்கெட் நம்பர் போட்டு அனுப்பாதீர்கள். இதுவரை போட்ட டிக்கெட் எல்லாமே 'தீர்க்கப்பட்டது' என்று மூடியாகிவிட்டது. எது தீர்ந்தது என்றுதான் தெரியவில்லை. வீடியோ வகுப்புகள் உள்ள பென்டிரைவைச் செருகினால் இன்றைக்கும் திறக்க விடாத அதே சிவப்புப் பெட்டிதான் வருகிறது. அது என்ன பெட்டி என்று நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் பிளேயர், உங்களுக்கே தெரியும்.

புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். டாக்சேஷன் புத்தகத்தின் அட்டையில் 'மே 2026க்கு முழுமையாகத் திருத்தப்பட்டது' என்று மஞ்சள் ஸ்டிக்கர். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது, உரித்துப் பார்த்தேன். அடியில் அசெஸ்மென்ட் இயர் (வரி கணக்கிடும் ஆண்டு) 2025-26 என்று அச்சாகியிருக்கிறது. மே 2026-ல் எழுதுகிறவர்களுக்கு 2026-27 என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? உள்ளே புது வரிமுறையில் 3 லட்சம் வரைக்கும்தான் வரி இல்லை, பிரிவு 87ஏ வரித் தள்ளுபடி 7 லட்சம் வரைக்கும்தான். 2025 நிதிச் சட்டத்தில் அது 4 லட்சம் ஆகி, தள்ளுபடி 12 லட்சத்துக்குப் போய்விட்டது. பட்ஜெட் அன்று டீக்கடையில்கூடப் பேசிய விஷயம் இது. வீடியோவில் கேபிடல் கெயின்ஸ் (சொத்து விற்ற லாபம்) பாடத்தில் பாதிக்கு மேல் 2024 ஜூலை 23க்கு முன்னால் விற்றால் என்ன, பின்னால் விற்றால் என்ன என்றே ஓடுகிறது. எனக்கு உரிய முந்தைய ஆண்டு, அதாவது வருமானம் வந்த ஆண்டு, 2025-26. அதில் 2024 ஜூலை 23க்கு முன்னால் விற்பது என்ற பேச்சே கிடையாது. பாடம் எடுக்கும் சாரைக் குறை சொல்லவில்லை, அவர் நன்றாகத்தான் நடத்துகிறார், போன வருஷத்துப் பிள்ளைகளுக்கு.

டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வரி பிடிப்பது) பகுதியால் எனக்கு நேர்ந்தது தனிக் கதை. நான் கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பகுதி நேரம் வேலை பார்க்கிறேன். அரிசி ஆலைக்காரர் ஒருவரின் குடோன் வாடகை விஷயம் வந்தபோது, வாடகைக்கான பிரிவு 194ஐ-யில் வருஷத்துக்கு 2,40,000 வரைக்கும் பிடித்தம் வேண்டாம் சார் என்று உங்கள் புத்தகத்தை நம்பிச் சொல்லிவிட்டேன். 2025 ஏப்ரலிலிருந்து அது மாதம் 50,000 என்று ஆடிட்டர் சார் சொல்லிவிட்டு, ஏம்மா எந்தக் காலத்துப் புத்தகம் படிக்கிறாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து டிடிஎஸ் ஃபைல் எதுவும் என் மேஜைக்கு வருவதில்லை. இதற்கு எவ்வளவு நஷ்டஈடு என்று உங்கள் சட்டப் பிரிவு கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

லா புத்தகம் இன்னும் மோசம். இன்டெம்னிட்டி, பெயில்மென்ட், ஏஜென்சி என்று ஒப்பந்தச் சட்டத்தின் பழைய ஸ்கீம் (பாடத்திட்டம்) பாடங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவை புது ஸ்கீமில் முதல் நிலையான ஃபவுண்டேஷனுக்குப் போய்விட்டன. இன்டருக்கு வர வேண்டிய எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) சட்டமும் இல்லை, ஃபெமாவும் (அந்நியச் செலாவணிச் சட்டம்) இல்லை. கம்பெனிச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தேர்வு நடத்தும் ஐசிஏஐ இலவசமாகவே போடும் ஸ்டடி மெட்டீரியலிலும் ஆர்டிபியிலும் (திருப்புதல் தேர்வுத் தாள்) இருப்பதுகூட காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் இல்லை. சரியாக இருந்தது டாக்ஸ் புத்தகத்தில் ஒரே ஒரு இடம், விவசாய வருமானம், பிரிவு 10(1). அதுவும் சட்டம் அங்கே மாறவில்லை என்பதால்.

இப்போது திருச்சி. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. பிளேயர் திறக்கவில்லை என்று ஹெல்ப்லைனில் சொன்னதற்கு, "தில்லைநகர் பிராஞ்சுக்கு லேப்டாப்போட போங்க மேடம், பத்து நிமிஷத்துல ஆக்டிவேட் பண்ணித் தருவாங்க" என்றார்கள். ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, பாசஞ்சரில் உட்கார இடமில்லாமல் லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு திருச்சி ஜங்ஷன் வரை நின்றே போனேன். போய்ப் பார்த்தால் உங்கள் பிராஞ்ச் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் பேனர் கட்டிய ஒற்றை அறை. அங்கே இருந்த அக்கா பாவம், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "நாங்க புக்கு மட்டும்தாம்மா விக்கிறோம், ஆக்டிவேஷன் எல்லாம் பெங்களூருல" என்றார். அங்கேயே நின்று ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். அப்போது எடுத்தவரைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

நான் பேசி முடிப்பதற்குள் அவர் சொன்னது: "மே போனா என்ன மேடம், செப்டம்பர் இருக்கு, ஜனவரி இருக்கு, வருஷத்துக்கு மூணு தடவை நடக்குதுல்ல. ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்ல யாரு பாஸ் பண்றாங்க?" சிரிப்பு வேறு. ஐயா, இவர் உங்கள் ஊழியர். பாஸ் ஆக வைக்கிறோம் என்று விளம்பரம் போட்டுக் காசு வாங்கும் கம்பெனியின் ஊழியர். பின்னால் யாரோ சாப்பாடு பற்றிப் பேசுகிறார்கள், இவர் அவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டே என்னிடம் பேசுகிறார். பழைய புத்தகம் ஏன் அனுப்பினீர்கள் என்றால், "புது வருமான வரிச் சட்டம் வந்துடுச்சு, எல்லா புக்கும் மாறிட்டு இருக்கு, வெயிட் பண்ணுங்க" என்கிறார். 2025-ஆம் ஆண்டின் புதுச் சட்டம் அமலுக்கு வருவது 2026 ஏப்ரல் 1 முதல். மே 2026 தேர்வுக்கு 1961 சட்டம்தான், 2025 நிதிச் சட்டத் திருத்தத்தோடு. வரிப் பாடம் விற்கிற கம்பெனியில் போன் எடுக்கிறவருக்கு இது தெரியாதா, இல்லை எனக்குத் தெரியாது என்று நினைத்தாரா?

கரண்ட் கதையை மறந்துவிட்டேன். பிளேயர் திறந்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் ஊரில் கரண்ட் போய் வந்து லேப்டாப் மறுபடி ஆன் ஆனால் அதையும் ஒரு வியூ (வீடியோவைப் பார்க்க நீங்கள் தரும் தடவைகளில் ஒன்று) என்று கழித்திருக்கிறீர்கள். கிராமத்தில் கரண்ட் போகும் ஐயா, அதற்கெல்லாம் நான் வியூ கொடுக்க முடியாது. அப்புறம் ஒரு விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் 'இது வேறு கணினி' என்று மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. அதே லேப்டாப், அதே மேஜை.

பணத்துக்கு வருகிறேன். கட்டணம் 15,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 2,700, ஆக 17,700 ரூபாய். இது குறுவை நெல் விற்ற பணம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று டிபிசியில் (அரசு நெல் கொள்முதல் நிலையம்) திருப்பியனுப்ப, மறுபடி சாலையில் கொட்டிக் காயவைத்து அப்பா விற்ற நெல். வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றால், "ஜிஎஸ்டி கவர்ன்மென்ட்டுக்குக் கட்டியாச்சு, அது வராது" என்று உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு மெயில் போடுகிறது. தயவுசெய்து உங்கள் புத்தகத்தின் ஜிஎஸ்டி பகுதியில் கிரெடிட் நோட் (விற்றவர் பில் தொகையையும் வரியையும் குறைத்துத் தரும் சீட்டு) பாடத்தைப் படித்துப் பாருங்கள். சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டம் பிரிவு 34: பொருள் திரும்பி வந்தாலோ, கொடுத்த பொருளோ சேவையோ குறைபாடுள்ளது என்று தெரிந்தாலோ கிரெடிட் நோட் போடலாம். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அதைக் கணக்கில் காட்ட நேரமும் இருக்கிறது. தேர்வில் இப்படி எழுதினால் எனக்கு மார்க், உங்கள் ஆபீஸில் மட்டும் இந்தப் பிரிவு செல்லாதா?

எனக்குக் குரூப் 2 முடிந்துவிட்டது, குரூப் 1 மட்டும் பாக்கி. பாஸாக ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். லாவும் டாக்ஸும் சறுக்கினால் அக்கவுண்ட்ஸில் எவ்வளவு எடுத்தும் குரூப் போச்சு. குரூப் போனால் ஆர்டிக்கிள்ஷிப் (ஆடிட்டரிடம் எடுக்க வேண்டிய கட்டாயப் பயிற்சி) போச்சு, ஆர்டிக்கிள்ஷிப் தள்ளினால் ஃபைனல் தள்ளும், கடைசியில் 17,700 ரூபாய்க்கு என் எதிர்காலத்தையே வாங்கிவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

சண்டை போடுவது என் நோக்கமில்லை. உங்கள் சாரின் வகுப்பு பிடித்துத்தான் வாங்கினேன், இப்போதும் சரிசெய்து கொடுத்தால் நிம்மதியாகப் படிக்கப் போய்விடுவேன். 2026-27க்கான டாக்ஸ் புத்தகமும் வீடியோவும், புது ஸ்கீம் லா புத்தகமும், கரண்டில் போன வியூக்களும், வேலை செய்யும் ஆக்டிவேஷனும் வேண்டும். ஒரு வாரத்தில் முடியாது என்றால் ஜிஎஸ்டியோடு 17,700 ரூபாயும் திரும்ப வர வேண்டும். போனில் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன்.

இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் இ-ஜாக்ரிதி தளம் வழியாகத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்கென்றால் பெங்களூருக்குத்தான் வர வேண்டும் என்று உங்கள் இன்வாய்ஸின் கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் (அதுவும் பிரிவு 34தான், பாருங்கள்), 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. கோச்சிங் விளம்பரங்களுக்கு 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்ட வழிகாட்டு நெறிமுறைகளையும் படித்து வைத்திருக்கிறேன். அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்வாய்ஸ், ஸ்டிக்கர் உரித்த அட்டையின் படம், சிவப்புப் பெட்டியின் ஸ்கிரீன்ஷாட், உங்கள் அக்கவுண்ட்ஸ் மெயில் நான்கையும் இணைத்திருக்கிறேன். பதிலை மெயிலில் எழுதுங்கள், போன் செய்ய வேண்டாம். செய்தே ஆக வேண்டும் என்றால் அவரைத் தவிர வேறு யாராவது செய்யட்டும், அதுவும் மாலை ஆறு மணிக்கு மேல். பகலில் ஆபீஸில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இப்போதைக்கு)