அந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்துங்கள்

பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைப் பற்றிய நாவலை மேடையேற்றியிருக்கும் நாடகக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் ஆழ்வார்பேட்டையில் நீங்கள் போட்ட நாடகத்துக்கு வியாசர்பாடியிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அம்மா 1965-ல், 11 வயதில், ரங்கூனில் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர். நாவலில் வரும் பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வயசுதான்.

கப்பல் காட்சியில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அலைச் சத்தத்தை மட்டும் விட்டீர்கள். அம்மா இருட்டில் என் கையைப் பிடித்தவர், வெளிச்சம் வரும்வரை விடவில்லை. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் நாவலில் எல்லாமே அந்தப் பிள்ளையின் கண் வழியாக நடப்பது. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போன சேதி அவளுக்கு எப்படித் தெரிகிறது? அதுவரை தொடவே விடாத நோட்டுக்கட்டை அப்பா அவளிடம் விளையாடக் கொடுக்கிறார். அவ்வளவுதான், யாரும் எதையும் விளக்கவில்லை. படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நீங்கள் அதைத் தூக்கிவிட்டு அப்பாவை முன்னால் கொண்டுவந்து, 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததில் தொடங்கி, கடைகளை அரசு எடுத்துக்கொண்டதுவரை பேசவைத்திருக்கிறீர்கள். பேசியது அத்தனையும் உண்மை. ஆனால் அவர் பேசிமுடிக்கிறவரை பிள்ளை ஓரத்தில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தே இருந்தாள். அங்கிருந்து நாடகம் அப்பாவின் கதையாகிவிட்டது.

பள்ளிக்கூடத்து அத்தியாயமும் அப்படித்தான். பர்மாவில் பூசுவதுபோல, மரப்பட்டையை அரைத்த தனக்காவைக் கன்னத்தில் பூசிக்கொண்டு முதல் நாள் போகிறாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். குழாயடியில் போய்த் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவுகிறாள். அவள் பெரியவளாவது அந்தக் குழாயடியில்தான். மேடையில் அது பாட்டி சொல்லும் ஒரே ஒரு வசனம். அம்மாவுக்கும் அப்படி ஒரு முதல் நாள் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்தப் புள்ள மூஞ்சி கழுவவே இல்லையேடி" என்றார். நான் என்ன பதில் சொல்ல?

இன்னொன்று, சின்ன விஷயம்தான். பாட்டி, பர்மா நூடுல்ஸான அத்தோவைக் கரண்டியால் கிளறுகிறார். அத்தோ கையால் பிசைவது. நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் கிண்ணத்தில் விழுந்ததும் ஐந்து விரலும் உள்ளே போகும். கடைசியில் பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவுவார்கள். அந்த நொறுங்கல் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும். பர்மா பஜார் பக்கம் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள்.

அடுத்த முறை நாடகத்தை வடசென்னையில் போடுங்கள். வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை தியேட்டரில் நாடகம் நடந்த ஊர் இது. நாடகம் பார்க்க ஆழ்வார்பேட்டைக்கு வந்து போகிற தெம்பு எங்கள் தெருப் பெரியவர்களுக்கு இல்லை. அம்மாவைப் போலச் சின்ன வயசில் கப்பலில் வந்து இறங்கியவர்கள் வியாசர்பாடியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அந்தப் பிள்ளை பெட்டியிலிருந்து எழுந்து குழாயடிக்குப் போகட்டும்.

ஒத்திகைக்கு எங்கள் வீட்டு மாடி இருக்கிறது. பாட்டியாக நடிப்பவரை ஒருநாள் முன்னதாக அனுப்புங்கள். அத்தோ பிசையக் கற்றுத்தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு மகள்