மொட்டைமாடியில் நடக்கும் அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

அண்ணி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வருகிறீர்களாம், வாட்ச்சில் பத்தாயிரம் விழும்வரை. நல்ல விஷயம்தான். ஆனால் எத்தனை மாதம் ஓடும்? ஜிம்முக்குக் கட்டிய பணம் என்ன ஆனது என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்குச் சோம்பல் கிடையாது. போகிற இடத்தில் ஒரு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான். சின்ன வயதிலேயே அப்படித்தானே? கொத்தமல்லி வாங்க அனுப்பினால் இரண்டு மார்க்கெட் தாண்டிப் போய் வருவீர்கள். சும்மா காலாற நடந்து வா என்று அப்பா சொன்னால் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டீர்கள்.

அதனால்தான் ஆமை நடைக்குக் கூப்பிடுகிறேன்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் சென்னைக் கரைக்கு முட்டையிட வரும். எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பு 1988 முதல் ஒவ்வொரு சீசனிலும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடந்து, அந்த முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கிறது. ஏறக்குறைய 7 கிலோமீட்டர். எல்லாம் மணல். இளகிய மணலில் நடந்தால் கெட்டித் தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும் என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் கெண்டைக்கால் அதை உங்களுக்குத் தனியாகச் சொல்லும்.

தேடுவது ஆமையை இல்லை, தடத்தை. கடலிலிருந்து ஏறி வந்த தடம் ஒன்று, இறங்கிப் போனது ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். முட்டையிட்டுக் குழியை மூடியபின் ஆமை தன் உடம்பை இடமும் வலமும் ஆட்டி, மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுத்தான் போகும். அதனால் குழி சரியாக எங்கே என்று பார்த்தவுடன் தெரியாது. பழகியவர்கள் ஒரு குச்சியை மெதுவாக அழுத்திப் பார்ப்பார்கள். ஓர் இடத்தில் மட்டும் அது சட்டென்று இறங்கும். அங்கிருந்து கையால்தான் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழம், குடம் போலக் கழுத்து குறுகி வயிறு அகன்ற குழி. உள்ளே நூறு முட்டைக்கு மேல் இருக்கும். ஓடு கெட்டியாக இருக்காது, விரல் பட்டால் அமுங்கும்.

அவற்றைத் துணிப்பையில், குழியின் ஈர மணலோடு சேர்த்து எடுத்துப் போக வேண்டும். மூன்று நான்கு கிலோ எடை வரும். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நேரம் கடந்தால் உள்ளே இருக்கும் கரு ஓட்டின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும். குலுக்காமல், புரட்டாமல், அதே சமயம் வேகமாகவும், மிச்ச தூரத்தை அந்தப் பையோடு நடக்க வேண்டும். ஜிம்மில் உங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி வெட்டிப் புதைப்பார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வரும். பெண்ணா ஆணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகள் அதிகம்.

இயற்கை இட்ட இடத்திலேயே விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் சரியென்று படும், ஆனால் இந்தக் கரையில் இல்லை. தெருநாய்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் விளக்குகள். பொரிந்த குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டான கரையில் அது கடல். இங்கே அது தெருவிளக்கும் பங்களா விளக்கும். குஞ்சு ரோட்டுக்குப் போய்ச் சேரும். பொரிப்பகம் என்பது இந்த ஊர் செய்த அலங்கோலத்துக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிருள்ள ஆமையைப் பார்ப்பதற்கு முன் செத்த ஆமையைப் பார்ப்பீர்கள். 2025 ஜனவரியில் மட்டும் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையில் நீண்ட நேரம் சிக்கினால் மூழ்கிச் சாகும். ஆமை தப்பிப் போக வலையில் வழி விடும் கருவி இருக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை வலை போடக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு மீனவர்கள் எல்லோரையும் திட்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். தயவு செய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கரையோரம் சின்ன ஃபைபர் படகில் போகிறவர் வேறு, விசைப்படகு முதலாளி வேறு. ‘அந்தப் பக்கம் ஒண்ணு ஏறிச்சு’ என்று நமக்குத் தகவல் சொல்வதே குப்பத்து ஆட்கள்தான்.

இந்த நடை 1970-களிலேயே ஆரம்பித்தது, சென்னைப் பாம்புப் பண்ணை ஆட்களால். அவர்களில் சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர். ஐ.ஐ.டி. படிப்பை விட்டுவிட்டு, ஆமைகளைத் தேடி இந்தியக் கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்தவர். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் தனியாகத் தங்கி, மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்த்து, வீடு வந்து சேர்ந்தது. இதில் உடற்பயிற்சி எங்கே என்று கேட்காதீர்கள். சொல்லத் தோன்றியது.

சரி, உங்கள் முழங்கால். மணல் மூட்டுக்கு மெத்தென்று இருக்கும், கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் இருக்காது. டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். சுகர் மாத்திரை நேரத்தையும் தூக்கம் கெடுவதையும் சேர்த்துக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். காலையில் பைனாகுலரோடு ஓரமாக நடந்து எண்ணினாலே போதும், பத்தாயிரம் தானாக விழும்.

டாக்டர் சரி சொன்னால், வார இறுதியில் பொதுமக்களைக் கூட்டிப் போகிற நடை ஒன்றுக்கு முதலில் பெயர் கொடுங்கள். ஒரு தடவை வந்து போட்டோ போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தேவைப்படுவது செவ்வாய்க்கிழமை ராத்திரி வருகிற ஆள். அது நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் முதலில் ஒரு தடவை வந்து பாருங்கள்.

ஒன்பது மணிக்குள் லேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். தண்ணீர் பாட்டில், அடர் நிறச் சட்டை. ஆமையைக் கண்டால் டார்ச், பிளாஷ் எதுவும் கூடாது. அமைப்பின் ஆட்கள் சொல்லாமல் எதையும் தொடவும் கூடாது. இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு, வனத்துறை அனுமதியோடுதான் அவர்களே செய்கிறார்கள். நடை விடியற்காலையில் பெசன்ட் நகரில் முடியும். அதனால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நீலாங்கரைக்கு ஆட்டோவில் போய்விடலாம். ஆட்டோ காசு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் தங்கை